மின்விசிறியின் மந்தர பஞ்சமம்

"முழு வேகத்தில் விட்டால் சத்தமே இல்லை. இரண்டிலோ மூன்றிலோ வைத்தால் 'ங்ஙொய்' என்று உறுமுகிறது. பேரிங் மாற்றியும் நிற்கவில்லை. இருபது வருடத்து ஃபேன், தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். பாதி பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கெட்டுப்போன பேரிங் வேகம் கூடக் கூடக் கத்தும். வேகத்தைக் குறைத்தால் கூடுகிற சத்தத்துக்கு வேறு பிறப்பிடம் இருக்க வேண்டும். பாவம், ஒரு நல்ல பேரிங் வீணாகக் கழற்றப்பட்டிருக்கிறது.

சத்தம் போடும் ஃபேனுக்கு நான் முதலில் செய்யும் சோதனைக்கு ஸ்டூல்கூட வேண்டாம். சத்தம் வரும்போது சுவிட்சை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மின்சாரம் போன அந்தக் கணமே சத்தமும் போய்விட்டால் அது காந்தத்தின் வேலை. றெக்கை சுற்றிச் சுற்றித் தளரும்வரை சத்தமும் கூடவே வந்தால் அது இரும்பின் வேலை: பேரிங், திருகு, றெக்கை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் ஊரில் பாதி ஃபேன்கள் தேவையில்லாமல் கழற்றப்படுகின்றன.

இரும்பு வகையறாவைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்றால் றெக்கைத் திருகு தளர்ந்திருக்கும், அல்லது மேலே இருக்கும் கப் எங்கோ உரசும். ஃபேன் ஆடுகிறது என்றால் மூன்று றெக்கைகளின் எடையோ கோணமோ ஒத்துப்போகவில்லை. கூரையிலிருந்து ஒவ்வொரு றெக்கையின் நுனிக்கும் உள்ள தூரத்தை அளந்தால் எது வளைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். நிமிடத்துக்கு 360 சுற்று சுற்றும் ஃபேனில், மையத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கும் றெக்கை நுனியில் வெறும் 5 கிராம் கூடுதலாக ஒட்டியிருந்தால், அது ஏறக்குறைய 430 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் வெளிப்பக்கம் இழுக்கும். அதுவும் விநாடிக்கு ஆறு முறை திசை மாறி மாறி. ஒரு றெக்கையை மட்டும் துடைத்துவிட்டு மற்ற இரண்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

பேரிங் போயிருந்தால் 'கரகர' என்ற அரைப்பு. பல ஃபேன்களில் இருப்பது 6202 அல்லது 6201. அந்த எண்ணிலேயே அளவு ஒளிந்திருக்கிறது, 02 என்றால் துளை 15 மி.மீ., 01 என்றால் 12 மி.மீ. புதிதைப் பொருத்தும்போது எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ அந்த வளையத்தில்தான் தட்ட வேண்டும். மாற்றித் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும். புது பேரிங் முதல் நாளே கிழடாகிவிடும். அப்புறம், மேலே கப்பைத் தூக்கித் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. பக்கங்கள் மூடிய பேரிங்குக்குள் அந்த எண்ணெய் ஒழுங்காகப் போகாது. போனது கிரீஸைக் கரைக்கும், மிச்சம் காயிலில் வடியும். இரண்டு நாள் சத்தம் அடங்குவதால் பலித்துவிட்டதாகத் தோன்றும். எலுமிச்சம்பழம் கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது உறுமலுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

சீலிங் ஃபேன் உள்ளே வெளியாகத் திருப்பிப் போட்ட மோட்டார். வழக்கமான மோட்டாரில் நடுத்தண்டு சுற்றும். இதில் தண்டு அசையாமல் நிற்க, வெளி ஓடு சுற்றுகிறது. நடுவில் மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி, அதில் காயில் சுற்றியிருப்பார்கள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அப்படியானால் உறுமல் 50 ஹெர்ட்ஸில்தானே வர வேண்டும்? இல்லை. காந்தத்தின் வடமுனையைக் காட்டினாலும் தென்முனையைக் காட்டினாலும் ஆணி ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். மின்சாரம் முன்னால் போகும்போது ஓர் இழுப்பு, பின்னால் வரும்போது இன்னோர் இழுப்பு. ஆக விநாடிக்கு 100 இழுப்பு. தகடுகளும் ஓடும் அந்தக் கணக்கில் அதிர்கின்றன.

100 ஹெர்ட்ஸ் என்பது என்ன ஸ்வரம் தெரியுமா? ஒரு கட்டை சுருதியில் (ஹார்மோனியத்தின் 'C' கட்டையை 'ஸ' என்று வைத்து) சேர்த்த தம்பூராவின் முதல் தந்தி, அதாவது மந்தர பஞ்சமம் என்னும் கீழ் ஸ்தாயி 'ப', சுமார் 98 ஹெர்ட்ஸ். நம் ஃபேன் ஒரு மயிரிழை சுருதி தூக்கிப் பாடும் தம்பூரா!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டால் வாசகரின் சிக்கல் அவிழ்ந்துவிடும். தம்பூராவின் நாதம் வெறும் 98 ஹெர்ட்ஸ் அல்ல. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலே அடுக்கடுக்காகத் துணை ஸ்வரங்கள் ஒலிக்கின்றன; நம் காதில் ரீங்கரிப்பது அவைதான். அந்த ரீங்காரத்தை எழுப்புவது ஒரு துண்டு நூல். தந்தியைத் தாங்கும் பாலத்துக்கும் தந்திக்கும் நடுவில் செருகும் ஜீவாளி நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் தந்தி பாலத்தின் வளைந்த முதுகில் பட்டும் படாமலும் உரசும். சாதுவாக ஊசலாட வேண்டிய தந்தியின் அசைவில் ஒவ்வொரு தடவையும் ஒரு முறிவு விழும். எங்கே முறிவு இருக்கிறதோ அங்கே மேல்ஸ்வரங்கள் பிறக்கும். நூலை எடுத்துவிட்டுப் பாருங்கள், அதே தந்தி மொண்ணையாக 'தொம்' என்று அடங்கிவிடும்.

தந்தியை மீட்டும் இடத்தில் எந்த மேல்ஸ்வரத்துக்கு அசையாப் புள்ளி இருக்கிறதோ அந்த ஸ்வரம் ஒலிக்காது என்பது ஆங்கிலேய இயற்பியலாளர் தாமஸ் யங் காலத்து விதி. தம்பூராவும் வீணையும் இந்த விதிக்கு அடங்குவதில்லை, காரணம் அந்த வளைந்த பாலம் என்று 1921-இல் எழுதியவர் நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். ஆய்வு நடந்த இடம் கல்கத்தாவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நன்கொடை திரட்டித் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிச் சங்கம். 'தம்பூரா ஏன் ரீங்கரிக்கிறது' என்று இன்று ஓர் இளம் ஆய்வாளர் நிதி கேட்டு விண்ணப்பித்தால், 'இதனால் தொழில்துறைக்கு என்ன பயன்?' என்ற கட்டத்தில் எதை எழுதுவார்? அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எரிச்சல். சரி, ஃபேனுக்குத் திரும்புகிறேன்.

ஒரு வட்டக் குமிழை வழுக்கித் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் உங்கள் சுவரில் இருக்கிறதா? பெரும்பாலும் அதனுள் டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்ச் இருக்கும். மின்னலையின் ஒவ்வொரு அரைச்சுற்றும் 10 மில்லி விநாடி நீடிக்கும். டிரையாக் அதன் தொடக்கத்தில் சும்மா இருந்துவிட்டு, நான்கோ ஐந்தோ மில்லி விநாடி கழித்துச் சட்டென்று கதவைத் திறக்கும். வளைந்து நெளிந்து வர வேண்டிய அலை, கத்தியால் நறுக்கிய வாழைப்பழம்போல் செங்குத்தான விளிம்போடு வந்து காயிலில் மோதும். ஜீவாளி நூல் தந்தியின் அசைவில் போடும் முறிவை இது மின்சாரத்தில் போடுகிறது. விளைவும் அதேதான். 50-உடன் 150, 250 ஹெர்ட்ஸ் மின்னோட்டங்களும் சேர்ந்துகொள்ள, காந்த இழுப்பில் 100-உடன் 200, 300, 400 என்று மேல்ஸ்வரங்கள் வரிசைகட்டி நிற்கும்.

இங்கே நம் காதின் குணமும் சேர்ந்துகொள்கிறது. 100 ஹெர்ட்ஸ் சத்தத்தில் நமக்குக் காது மந்தம். 300, 400 என்று ஏற ஏறக் கூர்மையாகிறது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் டிரையாக் அலையை நறுக்குவதில்லை. தூய 100 மட்டும் இருக்கும், அதுவும் காற்றின் இரைச்சலில் அமுங்கிவிடும். இரண்டில் வைத்தால் பாதி அலை போய்விடுகிறது, காற்றும் குறைகிறது, ஜீவாளி பேச ஆரம்பிக்கிறது. வாசகர் கேட்ட 'ங்ஙொய்' இதுதான்.

நம்பிக்கை வரவில்லையென்றால் கரண்ட் போகும்போது கவனியுங்கள். பழைய வகை இன்வர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில் மின்தடை வந்ததும் எல்லா ஃபேனும் ஒரே குரலில் உறும ஆரம்பிக்கும். அந்த இன்வர்ட்டர் தருவது சதுர அலை. முறிவைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. சைன் அலை இன்வர்ட்டர் இருக்கும் வீட்டில் இந்தக் கச்சேரி கிடையாது.

ஆகவே மருந்து ஃபேனில் இல்லை, சுவரில் இருக்கிறது. 'டக் டக்' என்று படிப்படியாகத் திரும்பும் கண்டன்சர் ரெகுலேட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது அலையை நறுக்காமல், வரிசையில் வைத்த கண்டன்சர்களில் வோல்டேஜின் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டு மிச்சத்தை ஃபேனுக்கு விடுகிறது. அலையின் உருவம் அப்படியே இருக்கும். (தூரிகையில்லா டி.சி. மோட்டாரில் ஓடும் புதிய பி.எல்.டி.சி. ஃபேன்களுக்கு மட்டும் எந்த ரெகுலேட்டரும் வைக்கக் கூடாது, அவற்றுக்கு உள்ளேயே தனி மூளை இருக்கிறது.) நம் தாத்தா காலத்துப் பெட்டி ரெகுலேட்டரும் உறுமாது. ஆனால் அது மின்சாரத்தைத் தன் கம்பிச் சுருளில் வெந்நீர் போடாத குறையாகச் சூடாக்கி வீணடிக்கும்.

மாற்றிய பிறகும் உறுமல் மிச்சம் இருந்தால் இன்னும் இரண்டு இடங்கள் பார்க்க வேண்டும். ஒன்று, ஃபேனின் சொந்தக் கண்டன்சர். ஒற்றை மின்னலையிலிருந்து சுழலும் காந்தப்புலம் கிடைப்பதே அது இரண்டாவது காயிலுக்கான மின்னோட்டத்தை முன்னால் தள்ளிவிடுவதால்தான். 2.5 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது காலப்போக்கில் தேய்ந்தால் சுழலும் புலம் நொண்டும், வேகம் குறையும், அதிர்வு கூடும். அதற்காக நான்கு போட்டால் ஃபேன் பறக்கும் என்று கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காயில் சூடாகும், உறுமல் திரும்பி வரும். எழுதியிருக்கும் அளவையே போடுங்கள்.

இரண்டாவது, கொக்கியில் மாட்டும் இடத்து ரப்பர் புஷ். தம்பூராவுக்குக் குடம் எப்படியோ அப்படித்தான் ஃபேனுக்குக் கான்கிரீட் கூரை. வருடக்கணக்கில் சூட்டில் காய்ந்து ரப்பர் கல்லாகிவிட்டால் அதிர்வு முழுவதும் கூரைக்குப் போய் அறை முழுக்கக் கேட்கும். மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள். ஏறிய கையோடு போல்ட் கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத ஃபேனுக்குக் கீழே நான் படுக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கூடத்து ஃபேனுக்கு இவை அத்தனையும் செய்தாகிவிட்டது. அப்படியும் நள்ளிரவில் தெரு அடங்கியபின், மெதுவாக ஓடவிட்டால் அடியில் அந்தத் தூய 100 மெல்லக் கேட்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே தாளத்தில் இணைந்ததிலிருந்து, நாகர்கோவில் ஃபேனும் ஸ்ரீநகர் ஃபேனும் ஒரே நேரத்தில் ஒரே சுருதியில்தான் இருக்கின்றன. போன வாரம் எலெக்ட்ரானிக் தம்பூராவை ஒரு கட்டையில் வைத்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தேன். 98-உம் 100-உம் ஒட்டாமல் விநாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கின. ஃபேனை இறக்க முடியாது, மொத்த மின்தொகுப்பும் கூட வர வேண்டும். தம்பூராவைத்தான் கொஞ்சம் ஏற்றினேன்.