திரையில் 300 கலோரி: அதைத் திரும்பச் சாப்பிடலாமா?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எடை குறைப்பதற்காக நாளுக்கு 1,600 கலோரி என்று கணக்கு வைத்துச் சாப்பிடுகிறேன். ட்ரெட்மில்லில் ஒரு மணி நேரம் நடந்தால் திரையில் 300 கலோரி என்று வருகிறது. அன்றைக்கு மட்டும் 1,900 சாப்பிடலாமா? போனில் உள்ள ஆப் சாப்பிடலாம் என்கிறது. நண்பர் கூடவே கூடாது என்கிறார்.” எடை 70 கிலோ, நடக்கும் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். கணக்குப் போட அது போதும்.

சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவழிக்கிறது. (உணவில் நாம் கலோரி என்று சொல்வது கிலோகலோரியைத்தான்.) அந்த வேகத்தில் நடந்தால் சுமார் மூன்றரை மடங்கு. 70 × 3.5 = 245. இதிலும் 70 கலோரி, நடக்காமல் நாற்காலியில் இருந்திருந்தாலும் போயிருக்கும். 1,600 என்று வரம்பு போட்டபோதே அது கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆக, நடந்ததற்காகக் கூடுதலாகச் செலவானது 175. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இன்னும் குறையும்.

கையில் கட்டும் கருவிகளும் இப்படித்தான். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்!

சரி, அந்த 175-ஐயாவது சாப்பிடலாமா? அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒருவர் தன்பாட்டுக்கு வேலைக்குப் போய், தூங்கி, நடந்து, சாப்பிட்டுக்கொண்டு இருக்கையில் இரண்டு வாரத்தில் அவர் உடம்பு மொத்தம் எத்தனை கலோரி எரித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றுவரை குறையவில்லை.

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறார்கள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆனால் அதிலுள்ள ஹைட்ரஜனில் ஒரு பகுதி, ஏறக்குறைய இரு மடங்கு எடை கொண்ட டியூட்டீரியம். ஆக்சிஜனில் ஒரு பகுதி, வழக்கமான 16-க்குப் பதில் 18 என்ற நிறை எண் கொண்டது. இரண்டுமே கதிரியக்கம் இல்லாதவை. குடித்த சில மணி நேரத்தில் இந்தத் தண்ணீர் ரத்தம், உமிழ்நீர், கண்ணீர், சிறுநீர் என்று உடம்பின் எல்லா நீரிலும் சீராகக் கலந்துவிடுகிறது. அப்புறம் மெல்ல மெல்ல வெளியேறத் தொடங்குகிறது.

டியூட்டீரியம் வெளியே போக ஒரே வாசல்தான், நீர். சிறுநீராகவோ வியர்வையாகவோ மூச்சின் ஈரமாகவோ போக வேண்டும். ஆக்சிஜன்-18-க்கு இரண்டு வாசல். ஒன்று அதே நீர், மற்றொன்று நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு. நீரில் இருந்த ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடுக்குள் எப்படி ஏறியது?

ரத்தச் சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்றொரு நொதி இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்த்து வைப்பதும் பிரித்து விடுவதும் அதன் வேலை. அதன் ஒரு மூலக்கூறு ஒரு விநாடியில் பத்து லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வரை கையாளும். நாம் அறிந்த நொதிகளில் மிக வேகமானவற்றுள் ஒன்று. சேர்ந்தவை மறுபடி பிரியும்போது, எந்த ஆக்சிஜன் அணு முதலில் யாரிடம் இருந்தது என்ற கணக்கெல்லாம் கிடையாது. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். இப்படி ஓயாமல் கைமாறிக்கொண்டே இருப்பதால், நுரையீரலை அடையும் கார்பன் டை ஆக்சைடில் இருப்பது உடம்பு நீரின் ஆக்சிஜன்தான். மூச்சில் நாம் இழுக்கும் ஆக்சிஜனோ, செல்லுக்குள் போய்க் கடைசியில் நீராக முடிகிறது.

இதை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நேதன் லிஃப்சனும் சகாக்களும் 1949-இல் காட்டினார்கள். ஆகவே ஆக்சிஜன்-18, டியூட்டீரியத்தைவிட வேகமாகக் குறையும். முதல் நாள் சிறுநீரையும் பதினான்காம் நாள் சிறுநீரையும் சோதித்து, இரண்டும் எவ்வளவு குறைந்தன என்று பார்க்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு. அதிலிருந்து எரிந்த கலோரி தெரிந்துவிடும்.

லிஃப்சன் 1955-இல் இந்த முறையை எலிகளில் செய்து காட்டினார். ஆக்சிஜன்-18-இன் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால் மனிதரில் செய்ய 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எலியின் மூச்சை ஆராய்வதற்குப் பணம் எதற்கு என்று அன்றைக்கே யாராவது கையை மடக்கியிருந்தால், இன்று நம் உடம்பைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்காது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் உடனடிப் பயன் என்ன என்று மட்டுமே கேட்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இன்னொன்றும் இதிலிருந்து புரியும். கரையும் கொழுப்பு பெரும்பாலும் மூச்சாகவே வெளியேறுகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால், அந்தப் பத்தில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் 1.6 கிலோ நீராகவும் போகும். இடுப்பில் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஓடினால் கொழுப்பு உருகி வழியும் என்ற நம்பிக்கை எத்தனை பேரை மயக்கம் போட வைத்திருக்கும்! தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

இந்த இரட்டைக் குறியிட்ட நீரை எடுத்துக்கொண்டுதான் மானிடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் போனார்கள். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். ஆண்கள் நாளுக்குச் சுமார் 11 கிலோமீட்டர் நடக்கிறார்கள். 2012-இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. உடலளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அவர்களின் ஒருநாள் மொத்தச் செலவு அமெரிக்க, ஐரோப்பிய மக்களின் செலவு அளவேதான் இருந்தது. நாம் ஒரு பக்கம் செலவைக் கூட்டினால், உடம்பு வேறொரு பக்கம் சத்தமில்லாமல் மிச்சம் பிடிக்கிறது. 2021-இல் 1,754 பேரின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இந்த மிச்சம் சராசரியாக 28 சதவீதம். உடல் பருமன் அதிகம் உள்ளவர்களிடம் அது பாதியைத் தொட்டது.

வாசகரின் 175-இல் 28 சதவீதத்தைக் கழித்தால் 126. திரை சொன்னது 300!

அதனால் அவருக்கு என் பதில்: ஒரு மணி நேர நடைக்காகத் தனியாகச் சாப்பிட வேண்டியதில்லை. பசி தாங்கவில்லை என்றால் 100 கலோரிக்குள் ஏதாவது சாப்பிடலாம். வரம்பு போடும்போதே ஆப்பில் “தினமும் உடற்பயிற்சி செய்பவர்” என்று குறித்திருந்தால் அதுவும் வேண்டாம், ஒரே நடையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். மூன்று நான்கு வாரம் எடையின் வாராந்திர சராசரியைக் குறித்து வாருங்கள். எந்தத் திரையையும்விட அது சரியாகச் சொல்லும்.

நீண்ட தூரம் ஓடுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டத்துக்குக் கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி. 70 கிலோ உள்ளவர் 20 கிலோமீட்டர் ஓடினால் 1,400 வரை போகிறது. அன்றைக்கும் 1,600-ஓடு நிறுத்தினால் இதயத்துக்கும் எலும்புக்கும் ஹார்மோன்களுக்கும் என்ன மிஞ்சும்? பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாத விளையாட்டு வீரர்களுக்கு வரும் இந்தக் கோளாறைப் பற்றி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. மாதவிடாய் தள்ளிப்போவது, எலும்பில் அடிக்கடி விரிசல் விழுவது, ஓய்வெடுத்தும் தீராத அசதி இதெல்லாம் தெரிந்தால் கலோரிக் கணக்கை அன்றே மூடிவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு மருத்துவரைப் பாருங்கள்.