சோக்கை இழுத்தால் அடங்குகிறதா?

குமரி மாவட்டம் தக்கலை பக்கத்தில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் பழைய வண்டிகள். போன மழைக்காலத்தில் கருங்கல்லிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் 1997 மாடல் மாருதி 800-ஐக் கொண்டுவந்தார்.

“நிக்கும்போ கெடந்து துள்ளுது மக்கா. ஓடும்போ ஒண்ணும் தெரியல்ல.”

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். கியர் கம்பி தானாக ஆடியது. உள்கண்ணாடியில் பின்னால் இருந்த மாமரம் இரண்டாகத் தெரிந்தது. ஏற்கெனவே இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார். ஒரு இடத்தில் பிளக் மூன்றையும் மாற்றினார்களாம், பலனில்லை. அடுத்த இடத்தில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் எல்லாம் புதுசு போட்டார்கள், ஆட்டம் இன்னும் கூடிவிட்டது. கடைசியில், “இன்ஜின் இறக்கித்தான் பாக்கணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் பானட்டைத் திறக்கவில்லை. “காலைல முதல் ஸ்டார்ட்ல எப்பிடி சார் இருக்கும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “சோக்கு இழுத்துப் போட்டா நல்லாத்தான் நிக்கும். உள்ள தள்ளுன பிறகுதான் தொடங்கும்” என்றார்.

பாதி வேலை அங்கேயே முடிந்தது. சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். அப்படிக் கூட்டும்போது ஆட்டம் அடங்குகிறது என்றால், மற்ற நேரத்தில் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது வேண்டாத காற்று எங்கோ நுழைகிறது என்று அர்த்தம். ஒன்று கார்புரேட்டரில் ஸ்லோ ஜெட், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது பெட்ரோல் விடும் சின்னத் துளை, அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏர் லீக். ஆக்சிலேட்டர் மிதித்ததும் உள்ளே போகும் மொத்தக் காற்றும் கூடிவிடுவதால் அந்தச் சின்ன ஓட்டை பெரிதாகத் தெரியாது. ஓடும்போது வண்டி நன்றாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஏர் லீக் தேட இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சுகிறவர்கள் உண்டு. புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் அது தீ விளையாட்டு. நான் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைத்தான் வைத்திருக்கிறேன், மின்சாரப் பாகங்களில் படாமல் சந்தேகமான இடத்தில் மட்டும் தெளிப்பேன். இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் ஒரு வேக்கம் ஹோஸ் (ரப்பர் குழாய்) பக்கம் போனதும் இன்ஜின் சத்தம் மாறியது. மேலே பார்த்தால் ஹோஸில் குறையே இல்லை. விரலை அடியில் விட்டுத் தடவினால் கிளிப்பை ஒட்டி அரை அங்குல வெடிப்பு. விரலால் பொத்தினேன், துள்ளல் நின்றது. எடுத்தேன், மறுபடி தொடங்கியது. சாருடைய கையைப் பிடித்து அவரையும் பொத்திப் பார்க்கச் சொன்னேன்.

புது ஹோஸ் நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

ரப்பர் சூட்டில் இறுகி வெடிப்பது பழைய கதை. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து ரப்பரும் கேஸ்கெட்டும் அதை நினைத்துச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் வண்டி இங்கே போர்டிகோவில் பத்து மாதம் சும்மா நிற்கும். லீவுக்கு வந்து ஸ்டார்ட் செய்தால் திக்கித் திணறும். அந்த வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது டேங்க் அடியில் தண்ணீர், அப்புறம் எலி கடித்த வயர்.

இன்னொன்று கடற்காற்று. குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளில் எர்த் கேபிள் முனை பச்சை பூத்திருக்கும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் நடுவில் எர்த் இணைப்பு வேண்டும். அது கெட்டால் கரண்ட் வேறு வழி தேடும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ சுட்டால் எர்த்தைப் பாருங்கள்.

மிஸ்ஸிங் அடிக்கிற, அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் ஓடுகிற வண்டியின் ஆட்டம் வேறு மாதிரி. 900 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஏழெட்டுத் தடவை எரியும். ஒரு சிலிண்டர் செத்தால் சைலன்சரிலும் அதே கணக்கில் ‘டப் டப்’ என்று விட்டு விட்டு அடிக்கும். எது செத்தது என்று அறிய, ஓடும் இன்ஜினில் பிளக் வயரை வெறுங்கையால் பிடுங்காதீர்கள். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ வண்டியாக இருந்தால் இன்ஜெக்டர் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றலாம். எதைக் கழற்றினாலும் இன்ஜின் இன்னும் தள்ளாடும், செத்த சிலிண்டருடையதைக் கழற்றும்போது மட்டும் மாற்றமே இராது. அந்தப் பிளக்கை எடுத்துப் பாருங்கள். லேசான காப்பிப்பொடி நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல், எண்ணெய் நனைவு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். பிளக்கும் வயரும் நன்றாக இருந்து சிலிண்டர் மட்டும் செத்தே கிடந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் பார்க்காமல் இன்ஜின் இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நின்றால் ஒன்றுமில்லை, 70, 80-இல் மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று சிலர் வருவார்கள். அது டயர்க்கடை வேலை, வீல் பேலன்சிங்.

சரி, அந்த மவுண்டிங் விஷயம். ஆசிரியரின் வண்டியில் போட்டிருந்தது டூப்ளிகேட். நகத்தால் அழுத்தினால் கட்டைபோல இருந்தது. இன்ஜின் குலுக்கத்தைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டிய ரப்பர் அப்படியே பாடிக்குக் கடத்திவிடும், அதனால்தான் மாற்றிய பிறகு ஆட்டம் கூடியது. ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு நல்ல மவுண்டிங்குக்கு அலைகிறோம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வதுண்டு. பழைய மவுண்டிங் கிழிந்ததா என்று பார்க்க, ஒருவர் ஹேண்ட்பிரேக்கும் பிரேக்கும் பிடித்து முதல் கியரில் கிளட்சை லேசாக விட வேண்டும், அப்புறம் ரிவர்ஸில் அதேபோல. இன்ஜின் எகிறிக் குதித்தால் மவுண்டிங் போய்விட்டது. பார்க்கிறவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், வண்டிக்கு முன்னால் அல்ல.

ஒரிஜினல் மவுண்டிங் வரவழைத்துப் போட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் லேசா ஒரு நடுக்கம் இருக்கே” என்றார். மூன்று சிலிண்டர் இன்ஜின் நின்ற இடத்தில் முழுசாக அடங்காது, புது வண்டியிலும் அது இருந்தது என்று சொன்னேன். கண்ணாடியைப் பார்த்தார். மாமரம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

கிளம்பும்போது வெடித்த ஹோஸ் துண்டைக் கேட்டு வாங்கி, செய்தித்தாளில் பொதிந்து டேஷ்போர்டில் வைத்தார்.

“இன்ஜின் இறக்கணும்னு சொன்னவன்ட்ட காட்டணும்.”