காலி டேங்க்தான் வெடிக்கும்: பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

போடிமெட்டு ஏறும் ஏலத்தோட்ட ஜீப்புகளும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளும்தான் எங்கள் பட்டறைக்குச் சோறு போடுகின்றன. ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் டிரைவர் சொல்லும் முதல் வார்த்தை, “பம்ப் போயிருச்சுண்ணே”. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கொஞ்ச நேரம் கழித்து தானாகவே ஸ்டார்ட் ஆனதா?

ஆனது என்றால் எரிபொருள் பம்பை விட்டுவிட்டு டேங்கைப் பார்க்க வேண்டும். எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடியில் உள்ள சின்னத் துளையை மண் அடைத்திருக்கலாம். பழைய மூடி தொலைந்து, துளையே இல்லாத பூட்டு மூடி மாட்டியிருக்கலாம். இரண்டிலும் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எரிபொருள் வராமல் நின்றுவிடும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள்; புஸ்ஸென்று காற்றை இழுத்தால் ஒரு மூடிச் செலவோடு விஷயம் முடிந்தது. பம்பையும் நாசிலையும் சர்வீஸுக்குக் கொடுத்துக் காசைக் கரைத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

மூடி நன்றாக இருந்தால் துருதான். பழைய வில்லிஸ் சாயல் ஜீப்புகளில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில், தரையிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தின் வடிதுளைகளைச் சேறு அடைத்துவிட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே தேங்கி, அடித்தகட்டை வெளியிலிருந்து தின்னும். உள்ளே நடப்பது வேறு. அரை டேங்கோடு நிறுத்திய வண்டியில், மலைக்குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும். டீசலோ பெட்ரோலோ, தண்ணீர் அதற்குக் கீழேதான் போகும். உதிர்ந்த துருச் செதில்கள் உறிஞ்சுகுழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் விழுந்துவிடும். அதனால்தான் வண்டி மறுபடி கிளம்புகிறது. பெட்ரோல் ஜீப் என்றால் இன்னொரு தொல்லை: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய பிசினைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும். டேங்கில் கை வைக்கும்போதே ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். டேங்க் ஒழுகுகிறது. “எல்லாத்தையும் ஊத்திட்டேன், ஒரு புள்ளி வெல்டிங் வெச்சிருங்க” என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எரிவது திரவமல்ல, ஆவி. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் பற்றும். நிறைந்த டேங்கில் காற்றுக்கே இடமில்லை. காலி டேங்கில்தான் இரண்டும் வேண்டிய அளவில் கலக்கின்றன. “டீசல்தானே” என்பது அதைவிட மோசமான தைரியம். சாதாரணச் சூட்டில் டீசல் அவ்வளவாக ஆவியாகாது. ஆனால் கேஸ் வெல்டிங் தீ தகட்டில் பட்டதும், மடிப்பிலும் தடுப்புத் தகட்டுக்குப் பின்னாலும் துருவுக்குள்ளும் ஊறிக்கிடக்கும் டீசல் ஆவியாகிக் கிளம்பும். சோப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசினால் அது போகாது. முகர்ந்து பார்த்து வாசனை இல்லை என்பதும் சோதனை ஆகாது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். பட்டறைக் குழியில் இறங்கித் தேங்கும்; பீடிக்கோ ஹேண்ட்லேம்ப் பல்பு உடைவதற்கோ அது காத்திருக்கும். டேங்கைக் குழிக்கு மேல் வைத்து வடிக்காதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வெட்டவெளியில் வடியுங்கள்.

என் பட்டறையில் டேங்கில் தீ வைப்பதில்லை. ஊசித்துளை என்றால் வழியில் சோப்பைத் தேய்த்தோ எம்-சீல் வைத்தோ வீடு வந்து சேரலாம், அதற்குமேல் நம்பக் கூடாது. உள்ளே துரு மட்டும் என்றால் நட்டு போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்கி, பாஸ்போரிக் அமிலத்தில் ஊறவைத்து, அலசி, நன்றாக உலர்த்தி, எரிபொருள் தாங்கும் டேங்க் சீலர் பூச்சு கொடுக்கிறோம். டேங்கில் வாஷிங் சோடாக் கரைசலை ஊற்றி, பேட்டரி சார்ஜரால் மின்சாரம் பாய்ச்சி வீட்டிலேயே துரு எடுப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் கம்பியை உள்ளே விடக் கூடாது. அதிலிருந்து வரும் குரோமியம் விஷம். ஹைட்ரஜனும் கிளம்பும், மூடிய அறையில் வேண்டாம். அடித்தகடு சல்லடையாகிவிட்டதென்றால் பூச்செல்லாம் வீண், புது டேங்க்தான்.

மாட்டுமுன் பள்ளத்தின் வடிதுளைகளைக் கம்பியால் குத்தி விடுங்கள். முதலில் கொஞ்சம் மட்டும் ஊற்றி, மடிப்புகளையும் ஹோஸ் கிளிப்புகளையும் பார்த்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.