முழங்கால் ஊசிக்குக் காசு கட்டுமுன்

மட்டக்களப்பு படுவான்கரையில் எனக்குத் தெரிந்த ஒருவர், முன்னாள் போராளி. முழங்காலில் பட்ட சன்னத்தோடு வருடக்கணக்காக வயலுக்குள் இறங்கியவர். கடைசியில் சில்லு தேய்ந்துவிட்டது. "குருத்தெலும்பு திரும்ப வளரும்" என்று ஒரு தனியார் இடத்தில் சொல்ல, மனைவியின் நகையை அடகு வைத்து இரண்டு ஊசி போட்டார். இன்றைக்கும் கதிரையைப் பிடித்துத்தான் எழும்புகிறார்.

அவரவர் இரத்தத்தை எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் நுண்துகள்கள்) நிறைந்த பகுதியை மட்டும் மூட்டுக்குள் ஏற்றுவதுதான் அந்த ஊசி. 2021இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில் 288 பேரில் ஒரு பகுதிக்கு இதையும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரையும் ஏற்றினார்கள். ஒரு வருடம் கழித்து வலியிலும் குருத்தெலும்பிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

சரி, சில்லு மாற்றத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். காசுக்கு எங்கே போவது? படையினரின் நலன் பார்க்கும் ரணவிரு சேவா அதிகார சபை முப்படைக்கும் பொலிசுக்கும்தான். இயக்கத்தில் இருந்தவர் அங்கே போனால் பஸ் காசுதான் நட்டம். வைத்தியச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்தில் பார்ப்பது நோயையும் குடும்ப வருமானத்தையும். 2025 பெப்ரவரி 7 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். "கொழும்புக்குப் போங்கோ" என்று யாராவது திருப்பினால் இந்தத் திகதியைச் சொல்லுங்கள்.

ஆட்களை அலைய வைப்பது பெரிய விஷயங்கள் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் டொக்டர் கையெழுத்து இருக்கும், பெயர் முத்திரை இருக்காது. அதற்காக அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டும். கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் படிவத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கிராம சேவகர் எந்த நாள் ஒபிசில் இருப்பார் என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பும் காசை மறைக்க வேண்டாம், பிறகு அதுவே வில்லங்கமாகும். எல்லாவற்றிலும் ஒரு போட்டோ கொப்பி வீட்டில் இருக்கட்டும்.

முக்கியமாக, சத்திரசிகிச்சைக்கு முன்னமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். கடன் வாங்கிச் செய்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

கொடுத்ததும் திகதியோடு பதிவு இலக்கம் கேட்டு வாங்குங்கள். "தருவோம், போங்கோ" என்றால் நகராதீர்கள். பிறகும் பதில் இல்லையா, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.