வண்டியில் கட்டிய கொடி சலானிலிருந்து காப்பாற்றாது

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியும் முன்பே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு மலையேறும் ஜீப்புகளைப் பாருங்கள். முன்னால் கட்சிக் கொடி, கண்ணாடியில் ஐயப்பனோ வேளாங்கண்ணி மாதாவோ, பின்னால் ஏதோ ஒரு சங்கத்தின் ஸ்டிக்கர். சாமி படம் பக்திக்கு. மற்றதெல்லாம் 'எனக்கும் ஆள் இருக்கு, நிறுத்தாதே' என்று செக்போஸ்ட்டில் நிற்பவருக்குச் சொல்லத்தான். அந்த ஸ்டிக்கருக்குக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதை ஒட்டினால் எந்த உரிமையும் வராது. 'பிரஸ்', 'போலீஸ்', 'வக்கீல்' என்று ஒட்டிய சொந்த வண்டிகளுக்கு 2024 மே 2 முதல் சென்னையில் அபராதம் போட ஆரம்பித்தார்கள்.

தேசியக் கொடி தனி விஷயம். காரில் அதைப் பறக்கவிடும் உரிமை 2002 கொடி விதிகளின்படி குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர்கள், சபாநாயகர், உயர் நீதிமன்ற நீதிபதிகள் போன்ற சிலருக்கு மட்டும்தான். அந்தப் பட்டியலில் எம்எல்ஏ இல்லை, கலெக்டர்கூட இல்லை, ஊராட்சித் தலைவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பானெட் மேல் விரித்துப் போடுவது யாருக்குமே கூடாது.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது நம்பர் பிளேட்டில்தான். சபரிமலை சீசனில் வாழைக்கன்றும் மாலையும் கட்டி நம்பரை மறைத்துவிடுகிறார்கள். பிளேட்டில் பதிவெண் தவிர வேறு எழுத்தோ சின்னமோ இருக்கக் கூடாது, தலைவர் படமும் சேர்த்துத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1500. வண்டியை நிறுத்தாமலே படம் எடுத்துச் சலான் (அபராதச் சீட்டு) போட்டுவிடலாம், அதனால் உங்களுக்குத் தெரியாமலே போகும்.

தெரிய வருவது எஃப்.சி.க்கோ (வண்டியின் தகுதிச் சான்று) பெயர் மாற்றவோ போகும்போது. ஒரு ஜீப்காரருக்கு நான் துணைக்குப் போனேன். இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் 'கேரளாச் சலான், அங்கே போங்க' என்றார்கள். ஒரு நாள் கூலியை விட்டு அங்கே போனால் 'கோர்ட்டுக்குப் போயாச்சு' என்று ஒரே வரி, எந்தக் கோர்ட் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அது கட்டிடம் உள்ள கோர்ட்டே இல்லை, இணையத்தில் இருக்கும் மெய்நிகர் நீதிமன்றம்! கம்பத்தில் உட்கார்ந்து போனிலேயே கட்டியிருக்கலாம். சலான் வந்த செய்தியும் அவருக்கு வரவில்லை, ஏனென்றால் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவில், இருந்தது வண்டியை விற்றவரின் மொபைல் எண்.

அதனால் பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றும்போதே உங்கள் மொபைல் எண்ணையும் மாற்றுங்கள். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனின் இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே கட்ட முடியாவிட்டால் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில், நம் மாநிலத்தை அல்ல, சலான் போட்ட மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். அங்கே 'அபராதம் கட்டுகிறேன்', 'வழக்காடுகிறேன்' என்று இரண்டு வழி காட்டும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினால் வழக்கு அந்த ஊர் நிஜக் கோர்ட்டுக்குப் போய்விடும், 500 ரூபாய்க்காக மலையேறி இறங்க வேண்டியதுதான். தப்பு உங்கள் மேல் இல்லை என்று படத்தோடு காட்ட முடிந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

கட்டிய ரசீதைப் படமெடுத்து வையுங்கள். கட்டிய உடனே ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது நீங்கிவிடும் என்று நம்பி எஃப்.சி. முடியும் கடைசி நாளில் போய் நிற்காதீர்கள், ஒரு மாதம் முன்பே பாருங்கள்.