கேற் போட்ட குடியிருப்பில் வீடு வாங்குகிறவர்களுக்கு

திருகோணமலையில் நொத்தாரிசாக இருக்கிறேன். காணி, வீடு வாங்கி உறுதி எழுத வருகிறவர்களில் பலர் இப்போது ஒரே கதைதான் சொல்கிறார்கள். பிள்ளைகள் கனடாவில், இங்கே அம்மாவும் அப்பாவும் தனியே. வாசலில் செக்யூரிட்டி, கரண்ட் போனால் ஜெனரேற்றர், இரவில் நெஞ்சு வலித்தால் ஓடிவர ஆள். ஆகவே வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட், இல்லாவிட்டால் நிலாவெளிப் பக்கம் மதில் கட்டித் துண்டு துண்டாக விற்கிற காணியில் ஒரு வீடு. டவுனுக்குள் வாழைக்கன்று வைத்து, தெருவில் திரிகிற மானுக்கே தீனி போட்டுச் சலித்த ஒருவர், "கேற் இருந்தால் மானாவது வராதே தம்பி" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஆனால் அந்தக் கேற்றும் உள்ளே போகிற பாதையும் யாருடைய பெயரில் இருக்கின்றன என்று கேட்கிறவர்கள் குறைவு.

தொடர்மாடி என்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டையும் பொது இடங்களையும் பிரித்துக் காட்டுகிற கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவானதும், கட்டடத்தைப் பராமரிக்கிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உருவாகிவிடும். வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். லிஃப்ட், மொட்டைமாடி, படிக்கட்டு எல்லாவற்றிலும் உங்களுக்குப் பிரிபடாத பங்கு உண்டு. அந்த வரைபடம் பதிவாகிவிட்டதா என்று மட்டும் முதலில் கேளுங்கள்.

மதில் கட்டிய காணி அப்படியல்ல. அண்மையில் ஓர் அக்கா உறுதியைக் கொண்டுவந்தார். துண்டு இலக்கம், பேர்ச் கணக்கு, நான்கு எல்லை எல்லாம் சரி. மேற்கு எல்லை 'பாதை' என்றும் இருந்தது. ஆனால் அந்தப் பாதையில் போய்வரும் உரிமை, காணியை விவரிக்கிற உறுதியின் அட்டவணையில் எங்குமே இல்லை. வரைபடத்தில் பாதை தனித் துண்டு, அது இன்னும் விற்றவரின் பெயரிலேயே. அதாவது கேற்றும் அவருடையது. நல்லவேளை, ஆள் ஊரில் இருந்தார். பாதை உரிமைக்கென்று இன்னோர் உறுதி முடித்தோம். அவர் வெளிநாடு போயிருந்தால் வழக்குத்தான்.

நம்முடைய மாவட்டத்தில் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகளும் நிறைய. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. மதில் எவ்வளவு உயரம் என்றாலும் செல்லாது. அப்புறம், கடலோரமாக வாங்கினால், கடல்நீர் ஏறுகிற எல்லையான உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும்.

மாதப் பராமரிப்புக் காசையும் வாய்ப்பேச்சாக விடாதீர்கள். அதை யார் கூட்டலாம், செக்யூரிட்டிக்குச் சம்பளம் கொடுப்பது யார், கட்டாதவரை என்ன செய்வது என்று எழுத்தில் கேளுங்கள். விற்பனை முடிந்ததும் கம்பனி கையைக் கழுவிவிட்டுப் போய்விடும். பிறகு பத்துக் குடும்பமும் ஆளையாள் பார்த்துக்கொண்டிருக்க, இரவுக் காவல்காரர் முதலில் நின்றுவிடுவார்.

முற்பணம் கொடுக்க முதல் உறுதி, வரைபடம், முப்பது வருடத் தோம்பு (காணி யார் யார் கைமாறியது என்ற பதிவகப் பதிவு) மூன்றின் பிரதியையும் வாங்கி உங்களுக்குத் தெரிந்த நொத்தாரிசிடம் காட்டுங்கள். விற்கிறவர் ஏற்பாடு செய்து தருகிற நொத்தாரிசிடம் அல்ல.