மூன்றை விட்டு ஒன்றைப் பிடித்தால் உடம்பு என்ன செய்யும்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி டிரையத்லான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் டிரையத்லான் தங்கத்தை வென்றவர் அமெரிக்காவின் குவென் ஜோர்கன்சன். 2014, 2015 ஆண்டுகளில் உலகத் தொடர் போட்டிகளில் அடுத்தடுத்து 12 முறை முதலிடம் பிடித்தவர். 1.5 கி.மீ. நீந்தி, 40 கி.மீ. சைக்கிள் மிதித்து, கடைசி 10 கி.மீ. ஓட்டத்துக்கு இறங்கிவிட்டால் அவரைப் பிடிக்க ஆளே இல்லை என்றிருந்த காலம் அது. 2017 நவம்பரில் தன் முடிவை வெளிப்படையாகச் சொன்னார்: இனி மாரத்தான் மட்டும்தான், டோக்கியோவில் அதிலும் தங்கம் வாங்க வேண்டும்.

கணக்கு என்னவோ சுலபமாகத்தான் தெரிகிறது. மூன்று விளையாட்டுக்குப் பிரித்துக் கொடுத்த நேரத்தை ஒன்றுக்கே கொடுத்தால் அதில் எங்கேயோ போய்விடலாம் அல்லவா? 2018 அக்டோபரில் சிகாகோ மாரத்தானை 2 மணி 36 நிமிடம் 23 நொடியில் ஓடி 11ஆவதாக வந்தார். டோக்கியோவுக்கான தகுதி நேரமே 2:29:30. அடுத்த ஆண்டு குதிகாலில் அறுவை சிகிச்சை. டோக்கியோ கைநழுவியது. 2022 கடைசியில் டிரையத்லானுக்கே திரும்புவதாக அறிவித்தார்.

இதற்கு நேர் எதிரான கதை பிரிட்டனின் அலெக்ஸ் யீ. 2024 பாரிஸ் ஒலிம்பிக் டிரையத்லானில், தோற்றுவிட்டார் என்றே எல்லாரும் நினைத்த நேரத்தில், கடைசிச் சில நூறு மீட்டரில் நியூசிலாந்தின் ஹேடன் வைல்டை முந்தித் தங்கம் வாங்கியவர். 2025 ஏப்ரலில் லண்டனில் முதல் மாரத்தான்: 2:11:08. அதே ஆண்டு டிசம்பரில் வாலென்சியாவில் 2:06:38. பிரிட்டன்காரர்களில் அதைவிட வேகமாக மாரத்தான் ஓடியிருந்தவர் மோ ஃபாரா ஒருவர்தான்.

இருவரும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். போன திசையும் ஒன்றுதான். தனி ஆட்களின் கதையை வைத்து விதி எழுதக் கூடாது. ஜோர்கன்சனுக்கு 2017 ஆகஸ்டில்தான் குழந்தை பிறந்திருந்தது, காயமும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒரு விளையாட்டில் சேர்த்த உடல்திறனில் எது இன்னொன்றுக்குக் கூடவே வரும், எது வராது என்பது ஓரளவு தெளிவாகவே தெரிந்த விஷயம்.

இதயத்திலிருந்து தொடங்கலாம். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் நுரையீரலில் இரத்தத்தோடு சேர்கிறது, இதயம் அதைத் தள்ளிவிடுகிறது, தசைக்குள் இருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்களான தந்துகிகள் வழியாக அது செல்லுக்குள் போய் மைட்டோகாண்ட்ரியாவில் எரிபொருளோடு சேர்ந்து ஆற்றலாகிறது. ஒரு நிமிடத்தில் உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் விளையாட்டுக்காரர்கள் ஓயாமல் பேசும் 'விஓ2 மேக்ஸ்'. அதில் இரண்டு பங்கு உண்டு: இதயம் எவ்வளவு இரத்தம் அனுப்புகிறது, வந்த இரத்தத்திலிருந்து தசை எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கிறது.

முதல் பங்கு பொதுச் சொத்து. நீந்தினாலும் ஓடினாலும் இதயத்தின் இடது கீழறை பெரிதாகும், இரத்தத்தின் அளவு கூடும். அந்த இதயத்தை எந்த விளையாட்டுக்கும் கொண்டுபோகலாம். இரண்டாவது பங்கு அப்படியில்லை; உழைத்த தசையில் மட்டும்தான் தந்துகிகள் பெருகும், மைட்டோகாண்ட்ரியா கூடும். கிணற்று மோட்டார் எவ்வளவு பெரிதானாலும் வாய்க்கால் வெட்டாத வயலுக்குத் தண்ணீர் போகாது.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் பெங்ட் சால்டினும் குழுவினரும் 1976இல் வெளியிட்டது. ஆட்களை ஒரு காலால் மட்டும் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு பார்த்தால், தாங்குதிறன் பயிற்சி செய்த காலின் தசையில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதிகள் கூடியிருந்தன. சும்மா இருந்த காலில் அந்த மாற்றம் இல்லை. இத்தனைக்கும் இரண்டு காலுக்கும் ஒரே இதயம், ஒரே இரத்தம்.

1975இல் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் நேரடியானது. பத்து வாரம் நீச்சல் பயிற்சி எடுத்தவர்களுக்கு நீந்தும்போது அளந்த விஓ2 மேக்ஸ் சுமார் 11 சதவீதம் கூடியது. அதே ஆட்களை ஓடவிட்டு அளந்தால் பெரிதாக ஒன்றும் கூடவில்லை.

டிரையத்லானின் மிக நீண்ட வடிவமான அயர்ன்மேன் போட்டி பிறந்த கதையே இந்த இடத்தில் வந்து முட்டுகிறது. ஹவாயில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் நண்பர்களும் இருந்த இடத்தில், ஓட்டக்காரர் உடல் வலுவா, நீச்சல்காரர் உடல் வலுவா என்று வாக்குவாதம். சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸின் ஆக்சிஜன் அளவுதான் எல்லாரையும்விட அதிகமாம் என்று காலின்ஸ் இடையில் புகுந்தார். சரி, மூன்றையும் ஒரே நாளில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று 1978 பிப்ரவரியில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் வைத்தார்கள். 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 நொடியில் ஜெயித்தார். அந்த வாக்குவாதத்துக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை, கிடைக்கவும் கிடைக்காது. எந்தத் தசையை வேலை வாங்கி அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அளவே மாறும்போது 'பொதுவாக யார் வலு' என்ற கேள்விக்கு என்ன பொருள்?

மூன்றிலும் தனியாக நிற்பது நீச்சல்தான். உயர்மட்ட டிரையத்லான் வீரர்களின் பயிற்சியைத் தொடர்ந்து கணக்கிட்ட பிரெஞ்சு ஆய்வாளர் கிரெகுவார் மிலே, சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் இடையே பலன் கைமாறுகிறது, நீச்சலுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே அப்படி எதுவும் இல்லை என்று 2002இல் காட்டினார்.

காரணம் தண்ணீர். காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியான ஒன்றுக்குள் போகும்போது ஒவ்வொரு நொடியும் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடுகிறது. 10 சதவீதம் வேகம் கூட்ட 33 சதவீதம் அதிக ஆற்றல் வேண்டும். இதயத்தைப் பெரிதாக்கி அந்த இடைவெளியை நிரப்ப முடியாது; தண்ணீர் தரும் தடையைத்தான் குறைக்க வேண்டும், கை போடும் விதத்தைத்தான் திருத்த வேண்டும். நெதர்லாந்தின் ஹுயூப் டூசான் 1990இல் போட்டி நீச்சல்காரர்களையும் டிரையத்லான் வீரர்களையும் ஒப்பிட்டார். நீச்சல்காரர்களின் தசைகள் தண்ணீரில் செய்யும் வேலையில் 61 சதவீதம் உடம்பை முன்னே நகர்த்தப் போனது. டிரையத்லான்காரர்களுக்கு 44 சதவீதம்தான். மீதி முழுக்கத் தண்ணீரைப் பின்னால் தள்ளியே வீண்.

கணுக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். நீந்துபவருக்குப் பாதம் வாலைப் போல நீண்டு வளைய வேண்டும், விறைப்பான கணுக்கால் தண்ணீரில் பாரமாக இழுக்கும். ஓடுபவருக்கோ விறைப்பான கணுக்கால்தான் சொத்து. ஏன் என்று கீழே வரும். தோளும் அப்படித்தான். நீச்சலில் வேகம் தரும் அகன்ற தோளும் மார்பும் ஓட்டத்தில் வெறும் சுமை. மைக்கேல் ஃபெல்ப்ஸின் உயரம் 193 செ.மீ., மாரத்தானில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய எலியுட் கிப்சோகேயின் உயரம் 167 செ.மீ. டிரையத்லான் வீரரின் உடம்பு இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்.

பாரிஸில் 1500 மீட்டர் நீச்சலை பாபி ஃபிங்க் 14 நிமிடம் 30.67 நொடியில் முடித்து உலக சாதனை படைத்தார். உயர்மட்ட டிரையத்லானில் அதே தூரத்துக்கு 17, 18 நிமிடம் என்பது நல்ல நேரம். அது திறந்தவெளி நீர், குளம் அல்ல என்பதால் முழு நியாயமான ஒப்பீடு இல்லைதான். ஆனால் ஓட்டத்தைப் பாருங்கள். பாரிஸ் 10,000 மீட்டரை ஜோஷுவா செப்டகெய் 26:43இல் ஓடினார். முன்னணி டிரையத்லான் வீரர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உழைத்துக் களைத்த பிறகு அதே தூரத்தை 30 நிமிடத்தை ஒட்டி ஓடிவிடுகிறார்கள். அதாவது இடைவெளி ஓட்டத்தில் சிறியது, நீச்சலில் பெரியது. சிறு வயதில் நீந்தாமல் முப்பதில் கற்றுக்கொண்டவர் டிரையத்லானை விட்டு நீச்சலை மட்டும் பிடிப்பேன் என்றால் நான் தடுக்க மாட்டேன். நேரம் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம் ஓட்டம். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு ஏறுகிறது. பாதம் தரையில் இருப்பது நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் குதிகால் தசைநாண் இழுபட்டு, ஆற்றலைச் சேமித்து, சுருங்கும்போது திருப்பிக் கொடுக்கிறது. அந்த ஆற்றலுக்கு ஆக்சிஜன் செலவில்லை. தசைநாணும் கணுக்காலும் விறைப்பாக இருந்தால் திரும்பக் கிடைப்பதும் அதிகம். சைக்கிளில் இந்த வேலையே கிடையாது. பெடலில் தசை சுருங்கித் தள்ளுகிறதே தவிர, இழுபட்டு உதைப்பதில்லை. ஆகவே சைக்கிளில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் தசைநாணுக்கு ஓட்டத்துக்கான பயிற்சி கிடைக்காது.

இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தசை சில வாரங்களில் பழகிக்கொள்ளும், தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். எலும்போ புதிய சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும்போது பழைய பகுதியை முதலில் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் ஆகும். அந்த இடைவெளியில் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். புதிதாக ஓட ஆரம்பிப்பவரை அவரது மூச்சே காப்பாற்றிவிடுகிறது: இரண்டு கிலோமீட்டரில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடுவார். டிரையத்லானிலிருந்து வருபவருக்கு அந்தத் தடை இல்லை. இதயமும் நுரையீரலும் 'இன்னும் போ, இன்னும் போ' என்கின்றன. எலும்பும் தசைநாணும் அதற்குத் தயாராக இல்லை. குதி எலும்பின் பின்பக்கம் புடைத்துத் தசைநாணை உரசும் கோளாறுக்காகத்தான் ஜோர்கன்சனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கு அது ஓட்டத்தின் அளவைக் கூட்டியதால் வந்ததா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அந்த இடத்தில் சுமை விழுகிறது என்பது மட்டும் உறுதி.

இன்னொன்றும் இருக்கிறது. உயர்மட்ட டிரையத்லான் வீரர்கள் வாரத்துக்கு 25, 30 மணி நேரம் பயிற்சி செய்வது உண்டு. உயர்மட்ட மாரத்தான்காரர் வாரம் 200 கி.மீ. ஓடினாலும் அது 15 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் கால் தாங்காது. ஆக, மூன்றை விட்டு ஓட்டத்துக்கு வருபவருக்கு மிச்சமாகும் பத்து மணி நேரத்தை ஓட்டத்தில் போடவே முடியாது. நேரத்தை ஒன்றாகத் திரட்டினால் போதும் என்ற முதல் கணக்கு உடைவது இங்கேதான்.

அலெக்ஸ் யீ எப்படித் தப்பித்தார்? என் கணிப்பு இது: அவர் ஓட்டத்துக்குப் புதிதாக வரவில்லை, திரும்பி வந்தார். 2017இல் ஒரு டிரையத்லான் போட்டியின் சைக்கிள் பகுதியில் நடந்த விபத்தில் விலா எலும்பும் முதுகெலும்பும் உடைந்து கிடந்தவர், 2018இல் 10,000 மீட்டரை 28 நிமிடத்துக்குள் ஓடி பிரிட்டன் சாம்பியன் ஆனார். சிறு வயது முதலே ஓடிப் பழகிய கால். ஜோர்கன்சனும் கல்லூரியில் ஓடியவர்தான். ஆனால் நீச்சல் வீராங்கனையாகச் சேர்ந்து, இடையில்தான் தடகளத்துக்கு மாறினார்.

சைக்கிளுக்கு மாறுவதுதான் மூன்றில் எளிது. தரையில் மோதும் அதிர்ச்சி இல்லை என்பதால் எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். டூர் டி பிரான்ஸில் மூன்று வாரம், ஏறத்தாழத் தினமும் நான்கு, ஐந்து மணி நேரம் மிதிக்கிறார்களே, ஓட்டத்தில் அதைக் கற்பனை செய்ய முடியுமா? ஆஸ்திரேலியாவின் கேமரன் வுர்ஃப் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகு வலித்தவர். பிறகு அயர்ன்மேன் வீரராகவும் இனியோஸ் அணியின் தொழில்முறை சைக்கிள் வீரராகவும் ஒரே காலகட்டத்தில் இருந்தார். இத்தனை தாவல்கள் அவருக்குச் சாத்தியமானதில் அதிர்ச்சியற்ற விளையாட்டுகளின் பங்கு பெரியது. ஆனால் இலவசம் எதுவும் இல்லை. ஓட்டத்தை முழுக்க விட்டால் எலும்புக்கு வேலை போய்விடும். சாலைச் சைக்கிள் வீரர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பளு தூக்குவதையோ வாரம் இரண்டு சிறிய ஓட்டத்தையோ வைத்துக்கொள்வது நல்லது.

பதக்கத்தைப் பற்றி நினைக்காத, வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் எட்டு மணி நேரம் ஒதுக்கும் ஒருவருக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. எட்டை மூன்றாகப் பிரித்தால் எதிலும் மூன்று மணி நேரம்கூட மிஞ்சாது. எதிலும் தேறுவது கடினம். அவருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது உண்மையிலேயே லாபம். ஓட்டம் என்றால் முதலில் நான்கு மணி நேரம் ஓட்டம், மீதி சைக்கிள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரத்தை அங்கிருந்து இங்கே மாற்றிக்கொண்டே வரலாம். நீச்சலை விட்டால் தோளிலும் கையிலும் சேர்ந்த மைட்டோகாண்ட்ரியா சில வாரங்களில் குறையத் தொடங்கும், மாரத்தானுக்கு அதனால் நஷ்டமில்லை. சைக்கிளை மட்டும் முதல் ஒரு வருடத்துக்காவது விற்றுவிடாதீர்கள். இதயத்துக்கு வேண்டிய, ஆனால் கால் இன்னும் தாங்காத அந்த மணி நேரங்களை வேறு எங்கும் போட முடியாது.